தண்ணீர் ஒன்று சொல்ல, தோள் ஒன்று சொல்ல

நின்றபடி துடுப்பு போட்டு அலையேறும் விளையாட்டு யாருக்குச் சொந்தம் என்று ஒரு வழக்கே நடந்து முடிந்திருக்கிறது. ஒரு பக்கம் சர்வதேச அலைச்சறுக்குக் கூட்டமைப்பு, எதிர்ப்பக்கம் சர்வதேச கனூ கூட்டமைப்பு. காலுக்குக் கீழே இருக்கும் சர்ஃப் பலகையை வைத்து இதை அலைச்சறுக்கு என்பதா, கையில் இருக்கும் துடுப்பை வைத்துப் படகோட்டம் என்பதா? சுவிட்சர்லாந்தின் லொசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பு சொன்னது. ஒலிம்பிக் அளவில் இதை நிர்வகிக்கும் உரிமை அலைச்சறுக்குக்காரர்களுக்கு. கனூக்காரர்கள் வேண்டுமானால் தங்கள் போட்டிகளை நடத்திக்கொள்ளலாம். சட்டப்படி பலகை ஜெயித்துவிட்டது. இயற்பியலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருந்தால் அது துடுப்பின் பக்கம் நின்றிருக்கும் என்பது என் கட்சி.

ஏனென்றால், பலகை தன்னால் நகராது. அலை வந்து தூக்கும்வரை, அதை நகர்த்தும் ஒவ்வொரு துளி விசையும் துடுப்பின் வழியாகத்தான் தண்ணீருக்குள் போயாக வேண்டும். இருந்தும் வாங்கப் போகிறவர்கள் பலகைக்காக வாரக்கணக்கில் யோசிப்பார்கள், துடுப்பு என்று வந்தால் பலகையோடு எது கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அப்புறம் தோள்பட்டை வலிக்கிறது என்பார்கள்.

இந்தத் துடுப்பின் கதை ஹவாயில் தொடங்குகிறது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஹொனலுலுவின் வைக்கீக்கி கடற்கரையில் சுற்றுலாக்காரர்களுக்கு அலைச்சறுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் சிலர், பெரிய பலகையில் எழுந்து நின்று கனூ துடுப்பால் தள்ளிக்கொண்டு போவார்கள். நின்றால் மாணவர்கள் மீதும் கண் இருக்கும், தூரத்தில் எழும் அலையும் தெரியும். கழுத்தில் தொங்கும் கேமராவும் நனையாது. அந்தக் கூட்டத்தில் அ சோய் குடும்பத்தின் பெயர் அடிக்கடி அடிபடும். கார் விபத்தில் அடிபட்டு மண்டியிட முடியாமல் போன பாபி அ சோய், நின்றபடியே துடுப்பு போட்டு அலைகளின் நடுவே போய், அடுத்து எந்த அலை நல்ல அலை என்று மற்றவர்களுக்குக் குரல் கொடுப்பார் என்று சொல்வார்கள். 1990களில் மௌயி தீவில் லேர்ட் ஹாமில்டனும் டேவ் கலாமாவும் இதே வேலையில் இறங்கியபோது முதலில் இடித்தது துடுப்புதான். கனூ துடுப்பு உட்கார்ந்து போடுவதற்காக ஆனது, அதைப் பிடித்துக்கொண்டு நின்றால் இடுப்பு வளைந்துவிடும். ஆள் உயரத்துக்கு நீண்ட துடுப்பு வந்த பிறகே இந்த விளையாட்டு நிமிர்ந்து நின்றது.

ஒரு துடுப்பில் மூன்றே பாகங்கள். தண்ணீரில் இறங்கும் தட்டையான பகுதி அலகு. நீண்ட குழாய் தண்டு. மேல் உள்ளங்கை பதியும் இடம் கைப்பிடி. வாங்கும்போது கேட்கப்படும் கேள்விகளும் கொஞ்சம்தான்: அலகு எவ்வளவு பெரிது, தண்டு எவ்வளவு நீளம், இரண்டும் சேருமிடத்தில் எத்தனை டிகிரி கோணம், எதனால் செய்தது. ஆனால் இவற்றில் முதல் கேள்விக்கே தண்ணீர் ஒரு பதில் சொல்லும், உங்கள் உடம்பு நேர்மாறாக இன்னொரு பதில் சொல்லும்.

முதலில் தண்ணீரின் வாதத்தைக் கேட்போம்.

துடுப்பை ஊன்றி இழுக்கிறோம் என்று பேச்சுவழக்கில் சொல்கிறோமே, தண்ணீரில் எதையும் ஊன்ற முடியாது. அலகு எப்போதும் கொஞ்சம் பின்னால் வழுக்கிக்கொண்டுதான் இருக்கும். அந்த வழுக்கலே விசையைத் தருகிறது. வழுக்காத அலகுக்குத் தண்ணீர் எந்த எதிர்ப்பும் காட்டாது. எதிர்ப்பு, அலகின் பரப்பைப் பொறுத்து நேராகவும், வழுக்கும் வேகத்தைப் பொறுத்து இருமடியாகவும் கூடும். 90 சதுர அங்குலம், அதாவது சுமார் 580 சதுர செ.மீ. பரப்புள்ள ஒரு நடுத்தர அலகை எடுத்துக்கொள்வோம். கடல்நீரில் அது நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வழுக்கினால் ஏறக்குறைய மூன்றரைக் கிலோ எடையின் விசை கிடைக்கும். 2 மீட்டர் வேகத்தில் வழுக்கினால் அது 14 கிலோவைத் தாண்டும்.

இப்படி வழுக்கிய தண்ணீருக்கு என்ன ஆகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். அமைதியான நீரில் ஒரு நல்ல இழுப்பு போட்டு அலகை வெளியே எடுத்ததும், அது இருந்த இடத்தில் இரண்டு சின்னக் குழிகள் சுழன்றபடி நிற்கும். ஒன்று வலமாகச் சுழலும், மற்றது இடமாக. இரண்டும் ஒன்றையொன்று விட்டு விலகாமல், ஒரே தூரத்தில், சேர்ந்து பின்னோக்கி நகரும். தனித்தனிச் சுழல்கள் என்றுதான் தோன்றும். உண்மையில் அவை ஒரே சுழலின் இரண்டு முனைகள். நீருக்கடியில் அரை வளையமாக வளைந்து ஓடுகிற ஒற்றைச் சுழல் அது. அதன் இரு நுனிகள் மட்டும் மேற்பரப்பைத் தொடுகின்றன. சந்தேகம் இருந்தால் வீட்டுத் தொட்டியிலேயே சோதிக்கலாம். சாப்பாட்டுத் தட்டைப் பாதி அமிழ்த்தி, கொஞ்ச தூரம் தள்ளி, சட்டென்று மேலே தூக்கிவிடுங்கள். ஒரு குழியில் மை சொட்டுவிட்டால் அது அடியில் வளைந்துபோய் மற்றக் குழியைத் தேடும். ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் 1910இல் இப்படிச் சுழல் பிறப்பதைப் பற்றி எழுதியபோது, காபியில் இழுத்துத் தூக்கிய கரண்டியை உதாரணம் காட்டினார். துடுப்புக்காரர் தம்மை முன்னே தள்ளிக்கொள்ள எவ்வளவு உந்தத்தைத் தண்ணீருக்குக் கொடுத்தாரோ அதில் பெரும்பகுதியை, அந்த அரை வளையம்தான் பின்னால் சுமந்து போகிறது.

மனிதருக்கு மட்டும் வாய்த்த வித்தையல்ல இது. குளத்து நீரின் மேல் காலைப் பரப்பி நின்று வழுக்கி ஓடுமே ஒரு பூச்சி, அதன் விஷயத்தில் விஞ்ஞானிகள் வெகுகாலம் ஒரு புதிரில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அது மேற்பரப்பில் குட்டி அலைகளை எழுப்பி, அவற்றை உதைத்துத்தான் முன்னேறுகிறது என்பது கணிப்பு. நீர்ப்பரப்பில் அலை எழ வேண்டுமானால் காலின் வேகம் நொடிக்கு 23 செ.மீ.யைத் தாண்டியாக வேண்டும். பொரித்து வந்த குஞ்சுகளின் காலுக்கு அந்த வேகம் கிடையாது. கணக்குப்படி அவை நின்ற இடத்தை விட்டு நகரவே கூடாது. அவையோ சுகமாக ஓடிக்கொண்டிருந்தன. 2003இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த டேவிட் ஹூ, பிரையன் சான், ஜான் புஷ் ஆகிய மூவரும் நீரில் சாயமிட்டுப் படம் பிடித்துப் பார்த்தார்கள். பூச்சியின் ஒவ்வொரு உதைக்கும் பின்னால் சுழல்கள் போய்க்கொண்டிருந்தன. அலையை நம்பி அது ஓடவில்லை, துடுப்பு போட்டுத்தான் ஓடுகிறது.

சரி, பெரிய சுழல் நல்லதா, சின்னச் சுழலா? இங்கேதான் தண்ணீர் தன் தீர்ப்பைச் சொல்கிறது. விசை வேண்டுமானால் நிறையத் தண்ணீரை மெதுவாகவும் தள்ளலாம், கொஞ்சம் தண்ணீரை வேகமாகவும் தள்ளலாம். உந்தம் இரண்டிலும் ஒன்றுதான். செலவு ஒன்றல்ல. நீருக்குள் போய் வீணாகும் ஆற்றல் வேகத்தின் இருமடியாக ஏறுவதால், கொஞ்சம் தண்ணீரை வேகமாகத் தள்ளுவது ஊதாரித்தனம். ஆகவே அலகு எவ்வளவு பெரிதோ அவ்வளவு லாபம் என்கிறது தண்ணீர். பெரிய கப்பல்களின் சுழலித் தகடுகள் மெதுவாகச் சுற்றுவதும் இதே கணக்கில்தான்.

இதைக் கேட்டுவிட்டு முதன்முறை வாங்குகிறவர் கடையில் உள்ளதிலேயே அகலமான அலகைக் கேட்பார். உடம்பு வலுவுள்ள இளைஞர் என்றால் நிச்சயம் கேட்பார். அரைமணி நேரத்தில் அவருடைய தோள் தன் வாதத்தை எடுத்து வைக்கும்.

தோளின் வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் விவியன் ஹில் என்ற ஆங்கிலேயர். தசையில் வெப்பம் பிறப்பதை ஆராய்ந்து 1922க்கான நோபல் பரிசில் பங்கு பெற்றவர். 1938இல் அவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று, தவளையின் தொடைத் தசையை வைத்துச் செய்தது. தசை எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறதோ அவ்வளவுக்கு அதன் விசை குறைகிறது என்பதை அவர் சமன்பாடாகவே எழுதிவிட்டார். அசையாத சுவரைத் தள்ளும்போது விசை உச்சத்தில் இருக்கும், ஆனால் ஒன்றும் நகராததால் வேலை பூஜ்யம். வெறுங்கையை வீசினால் வேகம் உச்சத்தில் இருக்கும், எதிர்ப்பே இல்லாததால் அப்போதும் வேலை பூஜ்யம். இரண்டுக்கும் நடுவில், தன் உச்ச வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் சுருங்கும்போதுதான் தசை அதிகத் திறனைக் கொடுக்கிறது.

அகலமான அலகு, தோளை அந்தச் சுவர்ப் பக்கமாகத் தள்ளிவிடுகிறது. கையில் பிடிமானம் இரும்பாக இருக்கும், ‘என்ன பலம்!’ என்று தோன்றும். ஆனால் தசை தன் சிறந்த வேகத்துக்குக் கீழே திணறிக்கொண்டிருக்கும், சீக்கிரம் களைத்துவிடும். மேட்டில் சைக்கிள் மிதிக்கிறவர் கியரைக் குறைக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்கிற மாதிரிதான் இது. துடுப்பின் அலகு என்பது ஒரு கியர். வண்டியில் நினைத்தபோது மாற்றலாம், கடலில் மாற்ற முடியாது என்பதால் வாங்கும்போதே சரியாகப் பார்த்து எடுக்க வேண்டியிருக்கிறது. அலகைத் தண்ணீருக்குப் பொருத்தமாகத் தேடுகிறவர்கள் பாதிக் கணக்கைத்தான் போடுகிறார்கள். அது தசைக்குப் பொருந்த வேண்டும்.

சிறிய அலகு எடுத்தால் தண்ணீர்க் கணக்கில் எவ்வளவு நஷ்டம்? பலர் பயப்படுகிற அளவுக்கு இல்லை. அலகை 80 சதுர அங்குலத்திலிருந்து 100 ஆக்கினால், பரப்பு கால்பங்கு கூடுகிறது. அதே விசைக்கு வழுக்கல் வேகம் எவ்வளவு குறையும் என்று பார்த்தால் சுமார் 11 சதவீதம்தான், ஏனென்றால் இருமடி விதி இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது. அதே வேகத்தில் இழுக்க நினைத்தாலோ தோளின் மேல் 25 சதவீதம் கூடுதல் பாரம். கொடுப்பது அதிகம், வாங்குவது கொஞ்சம். இன்று கடைகளில் கிடைக்கும் அலகுகள் பெரும்பாலும் 80லிருந்து 120 சதுர அங்குலத்துக்குள் அடங்கும். உடல் எடை 70 கிலோவுக்குக் கீழே உள்ளவர்கள் அந்த வரிசையின் தொடக்கத்திலேயே நின்றுகொள்ளலாம். 100க்கு மேலே போக, எடையும் வேண்டும், பழகிய தோளும் வேண்டும்.

இதுவரை சொன்னது தட்டை நீருக்கும் பொருந்தும். அலையில் ஏறுகிறவருக்கு இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது. கரையை நெருங்கும் அலை, தன் உயரத்தைப் போல் ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கு ஆழத்துக்கு வந்ததும் உடையும். ஒரு மீட்டர் அலை என்றால் 1.3 மீட்டர் ஆழம். அந்த ஆழத்தில் அலையின் வேகம், ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும்: மணிக்கு சுமார் 13 கி.மீ. நிதானமாகத் துடுப்பு போடுகிறவர் மணிக்கு ஐந்தாறு கி.மீ.தான் போவார். அலையின் சரிவு செங்குத்தாகும்போது பலகையைப் புவியீர்ப்பும் இழுத்துக்கொள்ளும் என்பதால் முழு 13ஐயும் எட்ட வேண்டியதில்லை. ஆனாலும் ஏறக்குறைய நின்ற நிலையிலிருந்து நான்கைந்து இழுப்புக்குள் பலகை பாய்ந்தாக வேண்டும். அந்த நேரத்தில் அகன்ற அலகு முதல் இழுப்பிலேயே கையை நிறுத்திவிடும். இரண்டாவது இழுப்புக்கு அதை வெளியே எடுத்து முன்னால் கொண்டுவருவதற்குள் அலை காலடியில் நழுவிப் போயிருக்கும். சின்ன அலகு, படபடவென்று குறுகிய இழுப்புகள் — அலையில் இதுதான் எடுபடும். நெடுந்தூரம் போகிறவருக்கும் அலையேறுகிறவருக்கும் ஒரே துடுப்பு போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நீளத்துக்கு வருவோம். ‘உங்கள் உயரத்துக்கு மேல் ஒரு சாண்’ என்று ஒரு சூத்திரம் புழக்கத்தில் இருக்கிறது. அது ஏன் சரி, எங்கே தப்பு என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 170 செ.மீ. உயரமுள்ளவர் 190 செ.மீ. துடுப்பை எடுக்கிறார். அலகு முழுக்க நீரில் அமிழ வேண்டும், அதற்கு 43 செ.மீ. போயிற்று. பலகையின் மேல்தளம் நீர்மட்டத்துக்கு மேலே 7 செ.மீ. இருக்கிறது, அதுவும் போயிற்று. மிச்சம் 140 செ.மீ. தண்டு செங்குத்தாக நிற்கும் கணத்தில், பாதத்திலிருந்து அந்த உயரத்தில் மேல்கை இருக்கும். 170 செ.மீ. ஆளின் தோள் இருப்பதும் கிட்டத்தட்ட அங்கேதான். ஆக, தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் துடுப்பு, வேலை செய்யும்போது தோளோடு சமமாக நிற்கிறது. சூத்திரத்தில் தலையைச் சொன்னாலும் அது அளப்பது தோளை.

இதையே 205 செ.மீ. ஆக்கினால் மேல்கை மூக்குக்கு எதிரே போய்விடும். ஒவ்வொரு இழுப்பிலும் கை தோளுக்கு மேல் உயர்ந்து நின்று விசை கொடுக்க வேண்டும். தோள் எலும்பின் முகட்டுக்குக் கீழே ஒரு குறுகிய இடுக்கு உண்டு, கையைத் தூக்க உதவும் தசைநாண் ஒன்று அதன் வழியாகத்தான் போகிறது. கை மேலே போகப் போக அந்த இடுக்கு இன்னும் நெருக்கமாகும். ஒருமுறை உரசினால் தெரியாது. மணிக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் முறை உரசினால் வீங்கும். துடுப்புக்காரர்களின் தோள்வலிக்கு வயதைக் குறை சொல்வதற்கு முன் துடுப்பின் நீளத்தைப் பார்ப்பது நல்லது.

சூத்திரம் தப்பும் இடங்கள் இரண்டு. காற்றடைத்த பலகைகள் பெரும்பாலும் 15 செ.மீ. தடிமனில் வருகின்றன. அவற்றில் நிற்பவர் நீர்மட்டத்துக்குச் சில செ.மீ. கூடுதலாக மேலே நிற்கிறார், அந்தச் சில செ.மீ.யைத் துடுப்பில் சேர்க்க வேண்டும். அலையேறுகிறவர் கதை தலைகீழ். அவர் முழங்காலை மடக்கித் தாழ்ந்து நிற்கிறார். தோள் 10, 15 செ.மீ. இறங்கிவிடுகிறது. துடுப்பும் அந்த அளவு குறைய வேண்டும். அலையில் பழகியவர்கள் தங்கள் உயரமோ, அதைவிட ஐந்து செ.மீ. கூடுதலோ உள்ள துடுப்போடு நிற்பதற்குக் காரணம் இதுதான். குட்டைத் துடுப்பைப் பக்கம் மாற்றிப் பிடிப்பதும் சுலபம்.

துடுப்பை முதன்முதலில் கையில் வாங்குகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் அதைத் திருப்பிப் பிடிப்பார்கள் என்று பந்தயம் கட்டலாம். அலகு தண்டோடு நேர்கோட்டில் இருக்காது, சற்றுச் சாய்ந்திருக்கும். அள்ளுவதற்கு வசதியாக அந்தச் சாய்வு நம்மைப் பார்த்து இருக்க வேண்டும் என்று மனது சொல்லும். சரியான முறை, அலகு நம்மைவிட்டு விலகி முன்பக்கமாகச் சாய்ந்திருப்பது.

ஏன் என்பதற்கு, அலகு எந்தத் திசையில் தண்ணீரைத் தள்ளுகிறது என்று பார்க்க வேண்டும். எப்போதும் தன் முகத்துக்குச் செங்குத்தாகத்தான் தள்ளும். இழுப்பின் தொடக்கத்தில் அலகு முன்னால் எட்டி நிற்கிறது. அப்போது அது தண்ணீரைப் பின்னாலும் கொஞ்சம் கீழேயும் தள்ளுகிறது. பலகை சற்று எழும்பும். அலகு நேர் செங்குத்தாகும்போது முழு விசையும் பின்னோக்கிப் போகும், அதுதான் உருப்படியான கணம். அதைத் தாண்டிவிட்டால் அலகு தண்ணீரை மேலே தூக்க ஆரம்பிக்கும், பதிலுக்குப் பலகையைக் கீழே அமுக்கும். பாதத்தைத் தாண்டி இழுக்காதே என்று பயிற்சியாளர்கள் கத்துவது இதற்காகத்தான். அலகை முன்பக்கமாகச் சாய்த்து வைத்தால், அந்தச் செங்குத்துக் கணம் கொஞ்சம் தள்ளிப்போகிறது. தூக்கத் தொடங்கும் கட்டமும் தள்ளிப்போகிறது. கையும் முதுகும் வசமாக இழுக்கும் இடத்தில் அலகு நேராக நிற்கிறது. திருப்பிப் பிடித்தால் இத்தனையும் தலைகீழ். இழுப்பு பாதி முடிவதற்குள் தண்ணீரை வானத்துக்கு இறைத்துக்கொண்டிருப்போம்.

இந்தச் சாய்வு ஹவாய்க்காரர்களின் கண்டுபிடிப்பு அல்ல. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் யூஜின் ஜென்சன் என்ற கனூ வடிவமைப்பாளர் வளைந்த துடுப்பை நெடுந்தூரப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தார். உட்கார்ந்து ஓட்டியவர்களிடமிருந்து அது நின்று ஓட்டுகிறவர்களுக்கு வந்து சேர்ந்தது. தூரம் போகிறவருக்கு 10 முதல் 12 டிகிரி பொருத்தம். அலையேறுகிறவருக்கு 7, 8 டிகிரி போதும். அவருக்குத் துடுப்பு உந்துவதற்கு மட்டும் பயன்படுவதில்லை. அலையின் முகத்தில் அலகை மட்டமாகச் சாய்த்து வைத்தால் கீழே விரையும் நீர் அதைத் தூக்கிப் பிடிக்கும், அதன்மேல் உடலைச் சாய்த்துப் பலகையைத் திருப்பலாம். அதற்கு அலகின் பின்முகமும் வேலை செய்ய வேண்டும். சாய்வு அதிகமானால் பின்முகம் கைக்கு இணங்காது.

அலகின் முகத்தில் நடுவே ஒரு மெல்லிய முகடு ஓடுவதைக் கவனித்திருக்கலாம். அழகுக்காக வைத்ததல்ல. தட்டையான பரப்பைத் தண்ணீரில் வேகமாக இழுத்தால் சுழல்கள் இரு ஓரங்களிலும் ஒரே சமயத்தில் கழலாமல், ஒன்றுவிட்டு ஒன்றாகக் கழலத் தொடங்கும். இந்த மாறிமாறிக் கழலும் வரிசையைத் தியடோர் வான் கார்மான் 1911இல் கணக்கிட்டுக் காட்டினார். ஒவ்வொரு கழலலுக்கும் அலகு ஒரு பக்கம் உதறும். நடு முகடு, நீரை இரு பக்கமும் சரிசமமாகப் பிரித்து அனுப்பி உதறலை அடக்குகிறது. முகடு மிக உயரமாக இருந்தால் நீர் பிடிபடாமல் நழுவிவிடும் என்பதும் உண்மை. ஆனால் உதறுகிற துடுப்பைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பதற்கு முன், காதைக் கொஞ்சம் தீட்டிக்கொள்ளுங்கள். அலகு முழுக்க மூழ்குவதற்குள் இழுக்கத் தொடங்கினால், அது காற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். ‘களக்’ என்று ஒரு சத்தம் வரும், நுரை கிளம்பும். காற்றின் அடர்த்தி தண்ணீரில் எண்ணூறில் ஒரு பங்குதான், அதைத் தள்ளி என்ன கிடைக்கும்? சத்தமில்லாமல் மூழ்கி, பிறகு இழுபடும் அலகு பெரும்பாலும் உதறாது.

எதனால் செய்த துடுப்பு என்பது பணத்தோடு சேர்ந்த கேள்வி. அலுமினியத் தண்டும் பிளாஸ்டிக் அலகும் உள்ளது ஒரு கிலோ அளவில் இருக்கும். முழுக்கக் கார்பன் இழையில் செய்தது 500, 600 கிராம். கண்ணாடி இழை இரண்டுக்கும் நடுவில். வித்தியாசம் 400 கிராம்தானே என்று தோன்றும். நிமிடத்துக்கு 40 இழுப்பு என்றால் மணிக்கு 2,400 முறை துடுப்பைத் தூக்கி முன்னே கொண்டுவருகிறோம். 400 கிராமை 2,400 முறை தூக்குவது மொத்தத்தில் 960 கிலோ. அதிலும் எடை எந்த இடத்தில் குறைகிறது என்பது முக்கியம். கைப்பிடியில் குறையும் 50 கிராமைவிட, கையிலிருந்து தள்ளி நுனியில் வீசப்படும் அலகில் குறையும் 50 கிராம் எவ்வளவோ மேல். பணம் அளவாக இருந்தால் அலகு மட்டுமாவது இலகுவாக உள்ளதைத் தேடுங்கள்.

விறைப்பு விஷயத்தில் விளம்பரங்களை அப்படியே நம்ப முடியாது. கார்பன் இழையின் விறைப்பு கண்ணாடி இழையைப் போல் மூன்று மடங்கு. வளையாத தண்டு கையின் விசையை உடனே அலகுக்கு அனுப்பும், அதே வேகத்தில் அலகின் அதிர்ச்சியை மூட்டுக்கும் திருப்பி அனுப்பும். வளையும் தண்டு சேமித்த ஆற்றலைத் திருப்பித் தருகிறது என்று பெருமை பேசுகிறார்கள். தருகிறதுதான், ஆனால் பெரும்பகுதி இழுப்பு முடிகிற நேரத்தில், அலகு பாதத்தை நெருங்கிவிட்ட பிறகு. அதை வேகமாகக் கணக்கில் சேர்க்காமல், மூட்டுக்குக் கிடைத்த மெத்தை என்று எடுத்துக்கொள்வது நியாயம். தண்டின் குறுக்களவும் இதில் விளையாடும். குழாயின் சுவர் தடிமனை மாற்றாமல் விட்டத்தை 30 மி.மீ.யிலிருந்து 27 ஆக்கினாலே விறைப்பு கால்பங்குக்கு மேல் குறைந்துவிடும். சிறிய கை உள்ளவர்களுக்கு மெலிந்த தண்டு இரட்டை லாபம்: பிடியும் வசப்படும், அதிர்ச்சியும் குறையும்.

நம் பக்கத்தில் இதையெல்லாம் சோதிக்க நல்ல இடம் சென்னைக்குத் தெற்கே கோவளம். மீனவக் குடும்பத்திலிருந்து வந்து நின்று துடுப்பு போடுவதில் தேசியப் பட்டங்கள் வென்ற சேகர் பச்சை அந்த ஊர்க்காரர். ஒரு பக்கம் அலையடிக்கும் கடல், சற்றே வடக்கே முட்டுக்காட்டின் உப்பங்கழியில் தட்டை நீர். ஒரே துடுப்பை இரண்டிலும் போட்டுப் பார்த்தால் மேலே சொன்ன கணக்குகள் தோளிலேயே புரிந்துவிடும். வாடகைக்கு எடுக்கும்போது நீளம் மாற்றக்கூடிய துடுப்பைக் கேட்டு வாங்குங்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஐந்து செ.மீ. கூட்டியும் குறைத்தும் போட்டுப் பாருங்கள். எந்த நீளத்தில் மேல்கை தோளைத் தாண்டாமல், முதுகும் கூனாமல் அலகு முழுக்க மூழ்குகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் கிடைக்கும் முன் விலை உயர்ந்த கார்பன் துடுப்பு வாங்குவது வீண் செலவு.

நல்ல துடுப்புகள் தண்டு நீளமாகவும் கைப்பிடி ஒட்டப்படாமலும் வரும். அளந்து, தண்டை மேல்நுனியில் அறுத்து, சூடாக்கினால் இளகும் பசையால் கைப்பிடியைப் பொருத்துவது வழக்கம். பிறகு குறைக்க வேண்டுமென்றால் சூடுகாட்டிக் கழற்றிவிடலாம். அதனால் முதல்முறை குறித்த அளவைவிட 3 செ.மீ. நீளமாகவே விட்டு அறுங்கள், சில நாள் போட்டுப் பார்த்துவிட்டு மிச்சத்தை எடுங்கள். குறைத்த தண்டு மறுபடி வளராது. கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் கட்டிக்கொண்டு, அறுக்கும் இடத்தை நனைத்தபடி அறுக்க வேண்டும். அலகில் இரண்டு அளவுகளுக்கு நடுவே மனது ஊசலாடினால் சிறியதை எடுங்கள்.